சிவா கேசவன்

சிவா கேசவன் (பிறப்பு: ஆகஸ்ட் 25, 1981) இந்தியாவைச் சேர்ந்த லூஜ் விளையாட்டு வீரர் ஆவார். லூஜ் என்பது பனிக்கட்டி படிந்த சரிவுத் தடத்தில், சிறிய சறுக்குவண்டி ஒன்றின் மேல் மல்லாந்து படுத்தபடி, கால்கள் முன்னே செல்லக் கீழிறங்கும் குளிர்கால விளையாட்டாகும். இவர் 1998 முதல் 2018 வரை தொடர்ந்து ஆறு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் கலந்து கொண்டார். அவற்றுள் ஒன்றில் மட்டும் இவரால் இந்தியக் கொடியின் கீழ்ப் போட்டியிட இயலவில்லை. ஆறு போட்டிகளிலும் சேர்த்து இவர் பெற்ற மிகச் சிறந்த இடம் 25. பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது சிறிய எண்ணாகத் தோன்றக்கூடும். ஆனால் இவர் போட்டியிட்ட ஆண்டுகளில் இந்தியாவில் செயற்கைப் பனித்தடம் ஒன்றுகூட இல்லை என்பதை மனத்திற்கொண்டே இவருடைய முடிவுகளைப் படிக்க வேண்டும்.

விளையாட்டின் தன்மை

தமிழ்நாட்டில் பனிமழை பொழிவதில்லை. நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளிகளின் மேல் உறைபனி படிவதுண்டு. வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். லூஜ் தடம் இயற்கைப் பனியை நம்பியிருப்பதும் அன்று. கற்காரையால் கட்டப்பட்ட, இருபுறமும் சுவர் கொண்ட வாய்க்கால் போன்ற அமைப்பின் உள்ளே குளிர்பதனக் குழாய்கள் பதிக்கப்பட்டிருக்கும். அதன் மேல் நீரைத் தெளித்துப் பனிக்கட்டிப் படலத்தை உருவாக்குவர். இத்தகைய தடங்களை அமைப்பதற்கும் குளிர்நிலையில் பேணுவதற்கும் பெரும் பொருட்செலவு ஆகும். எனவே உலகம் முழுவதிலும் இவற்றின் எண்ணிக்கை மிகக் குறைவு. பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ளன.

சரிவைப் புரிந்துகொள்ள நீலகிரி மலைத் தொடருந்து ஒரு நல்ல ஒப்பீடாகும். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே அதன் மிகச் செங்குத்தான பகுதி ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி என்ற அளவில் உயர்கிறது. அதனால்தான் அங்குப் பற்சட்டம் தேவைப்படுகிறது. 2010 ஒலிம்பிக் நடைபெற்ற கனடாவின் விசுலர் தடம் 1450 மீட்டர் நீளத்தில் 152 மீட்டர் இறங்குகிறது. அதாவது அதன் சராசரிச் சரிவே ஏறத்தாழ 10 அடிக்கு 1 அடி ஆகும். மலைத் தொடருந்து நடைவேகத்தைச் சற்றே மிஞ்சும் வேகத்தில் ஏறும் சரிவைவிடச் செங்குத்தான பாதையில், பனிக்கட்டியின் மேல், நிறுத்துகருவி இன்றி ஒருவர் இறங்குகிறார்.

வேகம் முழுவதும் புவியீர்ப்பிலிருந்தே கிடைக்கிறது. புறப்படும்போது வீரர் இருபுறமும் உள்ள பிடிகளைப் பற்றி உந்துவார். பிறகு முள் பதித்த கையுறைகளால் பனியைச் சில முறை துழாவித் தள்ளுவார். அதன் பின் வேகத்தைக் கூட்ட அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. வேகம் குறையாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே அவருடைய பணி. 110 மீட்டர் உயரத்திலிருந்து உராய்வும் காற்றுத் தடையும் இன்றி ஒரு பொருள் சறுக்கினால், அடிவாரத்தில் அதன் வேகம் மணிக்கு 167 கிலோமீட்டர் அளவில் இருக்கும். நடைமுறையில் வீரர்கள் எட்டுவது மணிக்கு 130 முதல் 140 கிலோமீட்டர் வரை. அதாவது கிடைத்த ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காற்றிலும் பனியிலும் இழக்கப்படுகிறது. அந்த மூன்றில் ஒரு பங்கை எவர் சிறிதளவு குறைக்கிறாரோ அவரே வெல்கிறார்.

வண்டியில் சுக்கான் கிடையாது. முன்புறம் மேல்நோக்கி வளைந்துள்ள இரு ஓடுகட்டைகளைக் கெண்டைக்காலால் அழுத்தியும், தோள்பட்டையின் பாரத்தை ஒரு பக்கம் மாற்றியும் திருப்ப வேண்டும். தலையை உயர்த்திப் பார்த்தால் காற்றுத் தடை கூடும். ஆகையால் தேர்ந்த வீரர்கள் பாதையைக் கண்ணால் பார்ப்பதைவிட நினைவிலிருந்தே ஓட்டுகின்றனர். ஒவ்வொரு வளைவிலும் எங்கு நுழைவது, எவ்வளவு உயரம் ஏறுவது, எப்போது அழுத்தத்தை விடுவது என்பவை உடலில் பதிந்திருக்க வேண்டும். ஒரு வளைவில் நேர்ந்த சிறு பிழை அடுத்தடுத்த வளைவுகளில் பெருகிக்கொண்டே செல்லும்.

நேரம் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கப்படுகிறது. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கால அளவில் வண்டி நகரும் தொலைவு மூன்றரை சென்டிமீட்டர் மட்டுமே. வண்டியின் எடைக்கும் எஃகுப் பட்டைகளின் வெப்பநிலைக்கும் கூட வரம்புகள் உண்டு. பட்டையைச் சூடாக்கினால் பனி உருகி உராய்வு குறையும் என்பதால், ஓட்டத்திற்கு முன் அதன் வெப்பநிலையை அளந்த பிறகே வீரரை அனுமதிப்பர். எடை குறைந்த வீரர்கள் குறிப்பிட்ட அளவு வரை கூடுதல் பாரத்தை அணிந்து கொள்ளலாம்.

இளமைக்காலம்

சிவா கேசவன் இமாச்சலப் பிரதேசத்தின் மணாலிப் பகுதியைச் சேர்ந்தவர். தந்தை கேரளத்தின் தலச்சேரியைப் பூர்வீகமாகக் கொண்டவர், தாய் இத்தாலியர். மணாலியில் வளர்ந்ததால் சிறு வயதிலேயே பனிச்சறுக்குப் பழகியிருந்தார். பள்ளிக் கல்வியைச் சனாவரில் உள்ள லாரன்ஸ் பள்ளியில் பெற்றார். 1847 இல் தொடங்கப்பட்ட இப்பள்ளி, கேத்தியை அடுத்த லவ்டேலில் 1858 இல் தொடங்கப்பட்ட லாரன்ஸ் பள்ளிக்கு மூத்த உடன்பிறப்பு எனலாம். இரண்டும் சர் ஹென்றி லாரன்சின் பெயரைத் தாங்கியவை.

1990களின் நடுப்பகுதியில் ஆஸ்திரியாவின் முன்னாள் வீரரான குந்தர் லெம்மரர், அனைத்துலக லூஜ் கூட்டமைப்பின் சார்பில் புதிய நாடுகளில் இளையோரைத் தேடும் பணியில் ஈடுபட்டிருந்தார். அவர் இந்தியாவில் நடத்திய முகாமில் கேசவன் தெரிவு செய்யப்பட்டார். அங்கே பனி இல்லை. சக்கரம் பொருத்திய வண்டிகளில் சாலைச் சரிவில் இறங்குவதே தேர்வாக இருந்தது. நம் ஊர்ச் சிறுவர்கள் பலகையின் அடியில் பழைய பேரிங்குகளைப் பொருத்தி மேட்டுத் தெருவில் உருட்டி விளையாடும் வண்டியின் தத்துவமும் இதுவே. 1988 ஒலிம்பிக்கில் கலந்து கொண்ட ஜமேக்கா அணியைப் பற்றிய ஆலிவுட் திரைப்படமான கூல் ரன்னிங்சைப் பள்ளியில் பார்த்ததும் இவ்விளையாட்டின் மீது ஆர்வம் ஏற்படக் காரணம் என்று கேசவன் பின்னாளில் குறிப்பிட்டுள்ளார். வெப்ப நாடு ஒன்றிலிருந்து பனித்தடத்திற்குச் சென்றவர்களின் கதை அது என்பதால் இதில் வியப்பில்லை.

நாகானோ, 1998

குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலில் கலந்து கொண்டது 1964 இல் ஆஸ்திரியாவின் இன்சுபுருக்கில் ஆகும். அந்தப் போட்டியில்தான் லூஜும் முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. ஆனால் அன்று இந்தியாவின் சார்பில் சென்ற ஒரே வீரரான ஜெரமி புயாகோவ்ஸ்கி மலைச்சரிவுப் பனிச்சறுக்கு வீரர். அவர் 1968 இலும் பங்கேற்றார். பிறகு 1988 இலும் 1992 இலும் சென்ற இந்தியர்களும் அதே பிரிவைச் சேர்ந்தவர்களே. 1994 இல் இந்தியாவிலிருந்து எவரும் செல்லவில்லை.

1998 இல் ஜப்பானின் நாகானோவில் நடைபெற்ற போட்டிக்கு இந்தியாவிலிருந்து தகுதி பெற்றவர் கேசவன் ஒருவரே. அப்போது அவருக்கு வயது 16. அந்நாள் வரை ஒலிம்பிக் லூஜ் போட்டிக்குத் தகுதி பெற்றவர்களுள் மிக இளையவராக அவர் குறிப்பிடப்படுகிறார். இரவல் வண்டியில் போட்டியிட்டு 28 ஆவது இடத்தைப் பெற்றார். தங்கம் வென்ற ஜெர்மனியின் கியார்க் ஹாக்கலுக்கு அது தொடர்ச்சியான மூன்றாவது ஒலிம்பிக் தங்கம். ஓர் அணிவகுப்பில் ஒரே வீரர், அவரே கொடியேந்துபவர் என்ற நிலை 2002 இலும் தொடர்ந்தது.

2002 மற்றும் 2006

அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் 2002 இல் கேசவன் 33 ஆவது இடத்தைப் பெற்றார். முந்தைய போட்டியைவிட இது பின்னடைவாகும். இடைப்பட்ட ஆண்டுகளில் மற்ற நாட்டு வீரர்கள் பருவம் முழுவதும் தடங்களில் பழகியபோது, அவருக்குக் கிடைத்த பயிற்சி வாய்ப்பு குறைவாகவே இருந்தது. இக்காலத்தில் இத்தாலி அணியில் சேரும் வாய்ப்பு தமக்கு வந்ததாகவும் அதை ஏற்கவில்லை என்றும் அவர் கூறியுள்ளார். தாய் இத்தாலியர் என்பதால் அந்நாட்டுக் குடியுரிமை அவருக்கு எட்டாத பொருள் அன்று. இத்தாலி லூஜில் வலிமை மிக்க நாடு. அங்கே தடமும் பயிற்சியாளர்களும் வண்டி வல்லுநர்களும் உண்டு. அவ்வாய்ப்பை ஏற்றிருந்தால் அவருடைய தரவரிசை எவ்வாறு அமைந்திருக்கும் என்பது இவ்விளையாட்டை அறிந்தோர் ஒவ்வொருவருக்கும் எழும் கேள்வியாகும்.

2006 ஒலிம்பிக் அதே இத்தாலியின் தூரினில் நடைபெற்றது. லூஜ் தடம் செசானா என்ற மலை ஊரில் இருந்தது. அங்குக் கேசவன் பெற்ற 25 ஆவது இடமே அவருடைய ஒலிம்பிக் வாழ்வின் உச்சம். இம்முறை அவர் தனியாகச் செல்லவில்லை. மலைச்சரிவுப் பனிச்சறுக்கில் நேகா அகுஜா, ஹீரா லால் ஆகியோரும், நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கில் பகதூர் குப்தாவும் உடன் சென்றனர். இந்திய அணியில் நால்வர் இருந்தனர்.

விசுலர், 2010

வான்கூவர் ஒலிம்பிக்கின் லூஜ் போட்டி விசுலரில் நடைபெற்றது. அதுவரை கட்டப்பட்ட தடங்களுள் மிக வேகமானவற்றுள் ஒன்றாக அது கருதப்பட்டது. தொடக்க விழா நாளான பிப்ரவரி 12 அன்று, பயிற்சி ஓட்டத்தின்போது ஜார்ஜியாவைச் சேர்ந்த 21 வயது வீரர் நோடார் குமரிதாசுவிலி, இறுதி வளைவில் கட்டுப்பாட்டை இழந்து தடத்திற்கு வெளியே வீசப்பட்டு, எஃகுத் தூண் ஒன்றில் மோதி உயிரிழந்தார். அப்போது அவருடைய வேகம் மணிக்கு 140 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

அதற்கு அடுத்த நாளே ஆண்கள் போட்டி தொடங்கியது. சுவரின் உயரம் கூட்டப்பட்டது. வேகத்தைக் குறைப்பதற்காக ஆண்கள் புறப்படும் இடம் கீழே, பெண்களுக்குரிய புறப்பாட்டு இடத்திற்கு மாற்றப்பட்டது. வீரரின் ஓட்டுதற் பிழையே விபத்திற்குக் காரணம் என்று அனைத்துலகக் கூட்டமைப்பு கூறியது. தடம் அளவுக்கு மீறி வேகமாக வடிவமைக்கப்பட்டது என்றும், போட்டியை நடத்தும் நாட்டின் வீரர்களுக்குக் கிடைத்த அளவு பயிற்சி மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை என்றும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. சிறிய நாடுகளின் அனுபவம் குறைந்த வீரர்களை இத்தகைய தடங்களில் அனுமதிக்கலாமா என்ற கேள்வியும் எழுப்பப்பட்டது.

இக்கேள்வி கேசவன் போன்றவர்களை நேரடியாகத் தொடுவதாகும். தடம் இல்லாத நாட்டின் வீரருக்குப் பயிற்சிக் குறைவு என்பது தரவரிசையில் சில இடங்கள் பின்தங்குவது மட்டும் அன்று, உயிருக்கு நேரும் ஆபத்தும் ஆகும். பழக்கமில்லாத வளைவில் பிழை செய்பவர் நேரத்தை இழப்பதோடு நின்றுவிட வேண்டும் என்பது தடத்தை வடிவமைப்போரின் பொறுப்பு. விசுலரில் அது நிறைவேறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இந்தியக் கொடியேந்திச் சென்ற கேசவன் அந்தப் போட்டியில் 29 ஆவது இடத்தைப் பெற்றார். ஜெர்மனியின் பெலிக்சு லோக் தங்கம் வென்றார்.

சாலையில் பயிற்சி

இந்தியாவில் இருக்கும் காலங்களில் கேசவன் மணாலியைச் சூழ்ந்த மலைச் சாலைகளில் சக்கரம் பொருத்திய வண்டியில் பயிற்சி செய்தார். வாகனங்களுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் இடையே அவர் தார்ச்சாலையில் படுத்தபடி இறங்கும் நிகழ்படங்கள் உலகெங்கும் பரவின. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கண்டவர்களுக்கு, அத்தகைய பாதையில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் படுத்தபடி இறங்குவது எத்தகையது என்பது விளங்கும்.

இதைச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் வேடிக்கையாகவோ துணிகரச் செயலாகவோ எழுதின. உண்மையில் கோடையில் சக்கரங்களைக் கொண்டு பயில்வது குளிர்கால விளையாட்டுகளில் வழக்கமான முறையே. நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கில் உலகின் முதன்மை நாடான நோர்வேயின் வீரர்களும் பனியற்ற மாதங்களில் உருளை பொருத்திய பலகைகளில் தார்ச்சாலைகளில் மணிக்கணக்காகப் பயில்கின்றனர். வேறுபாடு என்னவெனில், அவர்களுக்கு அது பனிப்பயிற்சிக்குத் துணை. கேசவனுக்கோ ஆண்டின் பெரும்பகுதியில் அது மாற்று. சக்கரம் தாரைப் பற்றிக்கொள்ளும், எஃகுப் பட்டை பனியில் வழுக்கும். ஆகையால் உடல்நிலையையும் வளைவில் பாரத்தை மாற்றும் பழக்கத்தையும் சாலையில் பெறலாம். பனியின் மேல் வண்டி பக்கவாட்டில் நழுவும் உணர்வைப் பெற இயலாது.

பனித்தடத்தில் கிடைக்கும் பயிற்சி நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை மேலும் தெளிவாகும். ஓர் ஓட்டம் ஏறத்தாழ 50 நொடிகளில் முடிந்துவிடும். ஓராண்டில் 1000 முறை இறங்கும் வாய்ப்புப் பெற்ற ஒருவர்கூட உண்மையில் வண்டியின் மேல் கழிப்பது 14 மணி நேரமே. 200 முறை மட்டும் இறங்கக் கூடியவருக்குக் கிடைப்பது மூன்று மணி நேரத்திற்கும் குறைவு. ஓட்டப்பந்தய வீரரோ நீச்சல் வீரரோ கூடுதல் மணி நேரம் உழைத்து இடைவெளியைக் குறைக்கலாம். லூஜில் அதற்கு வழியில்லை. தடம் திறந்திருக்க வேண்டும், கட்டணம் செலுத்தப்பட வேண்டும், வண்டியை மேலே கொண்டு செல்ல ஊர்தி வேண்டும். இவை அனைத்தும் பணத்தைச் சார்ந்தவை. கேசவனுக்கு அரசு உதவி ஒழுங்காகக் கிடைக்காத பருவங்களில் தனியார் ஆதரவாலும் பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடைகளாலும் பயணங்கள் நடைபெற்றன.

ஆசிய அளவில் வெற்றிகள்

ஆசிய அளவிலான போட்டிகளில் இவர் பதக்கங்கள் பெற்றுள்ளார். 2011 இல் நாகானோவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் மணிக்கு 134.3 கிலோமீட்டர் வேகத்தை எட்டித் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டும் அதே தடத்தில் தங்கம் பெற்றார். 2016 இலும் 2017 இலும் மீண்டும் ஆசிய வாகையரானார். 2017 போட்டி ஆசியாவில் நடைபெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அது ஜெர்மனியின் ஆல்டன்பர்க் தடத்தில் நடத்தப்பட்டது. ஆசியக் கண்டத்திலேயே தடங்கள் எவ்வளவு அரிது என்பதற்கு இதுவே சான்று.

நாகானோ தடம் ஓர் இயல்பில் மற்றவற்றிலிருந்து மாறுபட்டது. அதன் இரு பகுதிகள் மேல்நோக்கி ஏறுபவை. அங்கு முன்பகுதியில் வேகத்தை இழந்தவர் ஏற்றத்தில் மேலும் இழப்பார். 16 வயதில் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இறங்கிய தடத்திலேயே கேசவன் பின்னர் ஆசிய வாகையராகவும் ஆனார். 2018 இல் அத்தடத்தில் பனி உருவாக்குவது நிறுத்தப்பட்டது. செலவே காரணம்.

சோச்சி, 2014

2012 டிசம்பரில் அனைத்துலக ஒலிம்பிக் குழு இந்திய ஒலிம்பிக் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. சங்கத்தின் தேர்தல் முறையும் நிர்வாகிகள் மீதான குற்றச்சாட்டுகளும் இதற்குக் காரணங்களாக இருந்தன. இதன் விளைவாக 2014 பிப்ரவரியில் உருசியாவின் சோச்சியில் தொடங்கிய ஒலிம்பிக்கில் இந்திய வீரர்கள் தனித்த பங்கேற்பாளர்களாக, ஒலிம்பிக் கொடியின் கீழ் அணிவகுக்க நேர்ந்தது. கேசவனுடன் மலைச்சரிவுப் பிரிவில் இமான்சு தாக்கூரும் நெடுந்தொலைவுப் பிரிவில் நதீம் இக்பாலும் அங்குச் சென்றிருந்தனர்.

கேசவனின் ஓட்டங்கள் பிப்ரவரி 8, 9 ஆகிய நாட்களில் நடைபெற்றன. இடைநீக்கம் பிப்ரவரி 11 அன்று நீக்கப்பட்டது. ஒலிம்பிக் நடந்து கொண்டிருக்கும்போதே ஒரு நாட்டின் இடைநீக்கம் விலக்கப்பட்டது அதுவே முதன்முறை. நதீம் இக்பாலும் இமான்சு தாக்கூரும் தம் நாட்டின் பெயரால் போட்டியிட முடிந்தது. இரண்டே நாள் வேறுபாட்டில் அவ்வாய்ப்பை இழந்தவர் ஐந்தாவது ஒலிம்பிக்கிற்கு வந்த கேசவன் மட்டுமே. பனிக்கும் தடத்திற்கும் தொடர்பில்லாத ஒரு காரணத்தால், ஒரு வீரரின் முடிவு அவருடைய நாட்டின் கணக்கில் சேராமல் போயிற்று.

அவருடைய இடம் 37. ஆயினும் சோச்சியில் அவர் பெயர் பரவலாகப் பேசப்பட்டது வேறொரு காரணத்தால். பயிற்சி ஓட்டம் ஒன்றில் வளைவில் வண்டியிலிருந்து நழுவிய அவர், கையால் வண்டியைப் பற்றியபடியே பனியில் சிறிது தொலைவு வழுக்கிச் சென்று, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் அதன் மேல் ஏறி ஓட்டத்தை முடித்தார். அந்த நிகழ்படத்தைப் பல இலட்சம் பேர் கண்டனர். போட்டி முடிவை அறிந்தவர்களைவிட இதை அறிந்தவர்கள் அதிகம்.

பியோங்சாங், 2018

தென் கொரியாவின் பியோங்சாங்கில் நடைபெற்ற போட்டியே தமது இறுதி ஒலிம்பிக் என்று கேசவன் முன்னரே அறிவித்திருந்தார். தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றார். அமெரிக்காவின் முன்னாள் வீரரான டங்கன் கென்னடியின் தொழில்நுட்ப உதவி அவருடைய இறுதி ஆண்டுகளில் கிடைத்தது. வண்டியின் வடிவமைப்பிலும் இருவரும் சேர்ந்து உழைத்தனர்.

முதல் ஓட்டத்தில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 50.578 நொடி. இரண்டாவது ஓட்டத்தில் 48.710 நொடி, மூன்றாவதில் 48.900 நொடி. முதல் 20 இடத்தினர் மட்டுமே நான்காவது ஓட்டத்திற்குச் செல்வர் என்பதால் அவருடைய போட்டி அத்துடன் முடிந்தது. மொத்தம் 2 நிமிடம் 28.188 நொடி, இடம் 34.

தங்கம் வென்ற ஆஸ்திரியாவின் தாவீது கிளைர்சர் நான்கு ஓட்டங்களுக்கும் எடுத்துக்கொண்டது 3 நிமிடம் 10.702 நொடி. ஓர் ஓட்டத்திற்குச் சராசரியாக 47.68 நொடி ஆகிறது. கேசவனின் இரண்டாவது ஓட்டம் இதைவிட 1.03 நொடி மட்டுமே மெதுவானது. முதல் ஓட்டமோ 2.9 நொடி பின்தங்கியது. ஆகவே பொதுவான திறன் இடைவெளியைவிட அந்த ஒரு ஓட்டத்தின் பிழையே அவருடைய இடத்தைப் பெரிதும் தீர்மானித்தது. பிழை எல்லோருக்கும் நேர்வதே. மூன்று ஓட்டங்கள் வரை முன்னணியில் இருந்த பெலிக்சு லோக்கும் இறுதி ஓட்டத்தில் ஒரு வளைவில் தவறி ஐந்தாம் இடத்திற்குத் தள்ளப்பட்டார்.

இந்த அணியில் இருந்த மற்றொருவர் நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கு வீரரான ஜகதீசு சிங். இந்தியப் படையைச் சேர்ந்த இவர் 15 கிலோமீட்டர் போட்டியை 43 நிமிடம் 0.3 நொடியில் முடித்து 103 ஆவது இடத்தைப் பெற்றார். தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் தாரியோ கொலோனாவின் நேரம் 33 நிமிடம் 43.9 நொடி. இருவரின் இடைவெளியையும் ஒப்பிட்டு, இரண்டாவது ஓட்டத்தில் 2 விழுக்காடு பின்தங்கிய கேசவன் 27 விழுக்காடு பின்தங்கிய ஜகதீசு சிங்கைவிட மேலானவர் என்று முடிவு கட்டுவது தவறாகும். லூஜில் புவியீர்ப்பு அனைவரையும் ஒரே அளவில் இழுக்கிறது. அதனால் எல்லோருடைய நேரமும் நெருக்கமாகவே இருக்கும். நெடுந்தொலைவுப் போட்டியில் ஒவ்வொரு மீட்டரையும் வீரரே தம் மூச்சாலும் தசையாலும் கடக்க வேண்டும்.

ஒப்பீடு

கேசவனைப் போலவே ஆறு ஒலிம்பிக் போட்டிகளில் கலந்து கொண்ட லூஜ் வீரர்களுள் இத்தாலியின் ஆர்மின் சோகலர் ஒருவர். 1994 முதல் 2014 வரை ஆறு போட்டிகளிலும் அவர் பதக்கம் வென்றார். அவற்றுள் 2002, 2006 ஆண்டுகளில் பெற்றவை தங்கம். இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர். ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் ஒரே தடத்தில் இறங்கியவர்கள். ஒருவர் பின்னால் தடங்களும் வண்டிப் பட்டறைகளும் தலைமுறைகளாகத் திரண்ட அறிவும் இருந்தன. மற்றவரின் நாட்டில் வண்டியின் எஃகுப் பட்டையைத் தீட்டித் தருவதற்குக்கூட ஆளில்லை. கேசவனை அளக்கச் சோகலரைவிடப் பொருத்தமான அளவுகோல், தடமற்ற பிற நாடுகளிலிருந்து வந்தவர்களே. அத்தகையோருள் பலர் ஓரிரு ஒலிம்பிக் போட்டிகளுடன் நின்றுவிட்டனர்.

பிற்காலம்

2018 க்குப் பிறகு கேசவன் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். 2020 இல் அவருக்கு அருச்சுனா விருது வழங்கப்பட்டது. அவர் முதன்முறை ஒலிம்பிக்கில் பங்கேற்று 22 ஆண்டுகள் கழித்து இவ்விருது கிடைத்தது. 2022 இல் பெய்ஜிங்கில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கிற்கு இந்தியாவிலிருந்து சென்றவர் மலைச்சரிவுப் பனிச்சறுக்கு வீரர் ஆரிப் கான் ஒருவரே. 1998 க்குப் பின் இந்தியர் எவரும் பங்கேற்காத முதல் ஒலிம்பிக் லூஜ் போட்டி அதுவாகும்.